“ஒரே ரத்தத்தில் பத்து கேன்சர்” முகாம்: காசு கட்டும் முன் படிச்சுடுங்க

கோபி பக்கம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. முகாம் நடத்தியது ஒரு தனியார் லேப், கூடவே ஒரு தனியார் மருத்துவமனை. புகார் கொடுத்திருப்பதால் பேர் போடவில்லை. நோட்டீஸில் “ஒரு துளி ரத்தத்தில் பத்து வகைப் புற்றுநோய், ஆளுக்கு 3,500 ரூபாய்” என்று இருந்தது. இதே மாதிரி வாசகம் உங்கள் ஊர்ச் சுவரில் இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

தங்கச்சியும் என் மாமனாரும் போனார்கள், நானும் கூடப் போனேன். தங்கச்சிக்கு வயது 39, திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மாமனார் மஞ்சள் மண்டியில் இருந்த காலத்திலிருந்தே வெத்தலையும் பொகையிலையும் விட்டதில்லை. டை கட்டிய பையன் ஒருத்தன், “ஒரு ஊசி போதுமுங்க்கா, உள்ள எங்க இருந்தாலும் காட்டிக் குடுத்துருமுங்க” என்றான். ரத்தம் எடுக்கும்போதுகூட மாமனாரின் இடது கன்னத்தில் பொகையிலை ஒதுங்கியிருந்தது. வாயைத் திறங்க என்று ஒருத்தரும் சொல்லவில்லை. தங்கச்சிக்கு அன்றைக்கு வீட்டுக்குத் தூரமாகி மூன்றாம் நாள். அதையும் ஒருத்தரும் கேட்கவில்லை.

ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. மாமனாருக்கு எல்லாமே பச்சை. “பாத்தியா அம்மணி, உடு உடுன்னீங்களே” என்று ஊருக்கே காட்டினார். தங்கச்சிக்கு சிஏ-125 (ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதத்தின் அளவு) என்ற வரியில் 61, சிவப்பு எழுத்தில். 35-க்குள் இருக்க வேண்டுமாம். அடுத்து முகாம் நடத்திய மருத்துவமனையிலிருந்து போன். “முட்டைப்பை கேன்சரா இருக்கலாமுங்க, நாளைக்கே வாங்க, இன்னைக்கே புக் பண்ணினா பெட் ஸ்கேனுக்குச் சலுகை.” பெட் ஸ்கேன் என்பது உடம்பு முழுக்கப் புற்றைத் தேடும் ஸ்கேன். அங்கே போனால், அதை எடுக்கும் முன்பே கர்ப்பப்பையும் இரண்டு முட்டைப்பையும் எடுத்துவிட்டால் நிம்மதி என்று பேச்சு. எஸ்டிமேட் 1,40,000 ரூபாய். சீட்டு எடுத்து 15,000 அட்வான்ஸ் கட்டிவிட்டு, அவள் ராத்திரியெல்லாம் பிள்ளைகளைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

அரசு மருத்துவமனை மகளிர் பிரிவு டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வியே, “ரத்தம் குடுத்தன்னைக்குத் தலைக்கு ஊத்தியாச்சா கண்ணு?” என்பதுதான். சிஏ-125 மாதவிலக்கில் ஏறும். ஃபைப்ராய்டு (கர்ப்பப்பையில் வரும் புற்றில்லாத கட்டி), சாக்லேட் கட்டி (முட்டைப்பையில் பழைய ரத்தம் தேங்கும் கட்டி), கர்ப்பத்தின் ஆரம்பம், வயிற்று டிபி, ஈரல் கோளாறு என்று எதிலும் ஏறும். சாதாரண வயிற்று ஸ்கேனில் சின்ன ஃபைப்ராய்டு ஒன்று தெரிந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நாள் விட்டுத் திரும்பப் பார்த்தபோது அளவு 35-க்குக் கீழே வந்துவிட்டது. அவள் வயதில் காரணமில்லாமல் இரண்டு முட்டைப்பையையும் எடுத்தால் மாதவிடாய் உடனே நின்றுவிடும், எலும்பும் இதயமும் சீக்கிரம் கெடும் ஆபத்து கூடும். நிம்மதி என்று விற்றது இதைத்தான்.

இந்தச் சோதனையே பொய் என்று சொல்லவில்லை. புற்றுநோய் உறுதியான பிறகு மருந்து வேலை செய்கிறதா, நோய் திரும்புகிறதா என்று பார்க்க டாக்டர்கள் பயன்படுத்துவதுதான் இது. தொந்தரவு எதுவும் இல்லாத ஆளுக்குச் சல்லடை போடுவதற்கு இல்லை. பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களை வைத்து சிஏ-125-ஐயும் ஸ்கேனையும் பல வருஷம் சோதித்துப் பார்த்தார்கள். 2021-ல் வந்த முடிவு: முட்டைப்பைப் புற்றுநோய் சாவு குறையவில்லை. பேக்கேஜில் இருக்கும் சிஇஏ என்ற இன்னொரு ரத்த அளவு, பீடி சிகரெட் குடித்தாலே ஏறும்.

அப்புறம் அந்தப் பச்சை ரிப்போர்ட். ஆடிய பல்லைப் பிடுங்க மாமனாரைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் பல்லை விட்டுவிட்டுக் கன்னத்தை இழுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். பொகையிலை ஒதுக்கும் அதே இடத்தில், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. சதை எடுத்துச் சோதித்ததில் புற்றாகவில்லை, ஆனால் அந்தப் பக்கம் நகரும் மாற்றம் என்று வந்தது. திட்டை எடுத்தாயிற்று, இனி விடாமல் போய்க் காட்ட வேண்டும். வாய்ப் புற்றுக்கு ரத்தத்தில் பார்த்துச் சொல்ல ஒன்றும் இல்லை, ஒரு டார்ச் வெளிச்சம் போதும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தே, புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுச் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். அந்த ஆய்வு 2005-லேயே வெளிவந்துவிட்டது. பொகையிலையை மாமனார் விட்டுவிட்டார் என்கிறார். மாமியார் நம்பவில்லை, நானும்தான்.

அரசு சொல்லும் பரிசோதனையில் எனக்குத் தெரிந்து பத்து வகையெல்லாம் இல்லை. வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றுதான். 30 வயது தாண்டினால் ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம், ஆரம்ப சுகாதார நிலையத்தில், காசில்லாமல். கர்ப்பப்பை வாயில் வினிகர் மாதிரி ஒரு திரவம் தடவி வெள்ளையாக மாறுகிறதா என்று பார்ப்பார்கள். நம் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களிலேயே இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். அந்தப் புற்றால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் வெளியானது. 3,500 ரூபாய் பேக்கேஜில் இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது. மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண், மாதவிலக்கு நின்ற பிறகு உதிரம் என்று எதாவது இருந்தால் முகாமுக்கும் காத்திருக்க வேண்டாம், ஐந்து வருஷக் கணக்கும் வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள்.

அட்வான்ஸைக் கேட்டால் ஃபைல் சார்ஜ், கன்சல்டேஷன் என்று கழித்து 6,000 தருகிறேன் என்கிறார்கள். மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். நுகர்வோர் ஆணையத்திலும் போடப் போகிறோம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆகணும் என்றும் இல்லை. அதற்கு நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் ரிப்போர்ட் மூன்றும் வேண்டும். இதே முகாமில் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள், சேர்ந்தே போடலாம்.