சிவாஜியை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்: கட்டபொம்மனா, முதல் மரியாதையா?

சிவாஜி படம் அதிகம் பார்க்காதவர்கள் இந்த இரண்டில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்கிறார்கள்.

நாடக வாசனை
வீரபாண்டிய கட்டபொம்மன் (1959): முழுக்க உண்டு. மேடையில் நடித்துப் பழகிய வேடம், அப்புறம்தான் படம். ஜாக்சன் துரையிடம் வரி பற்றிப் பேசும் காட்சியில் குரல் படிப்படியாக ஏறுவதைக் கவனியுங்கள். கடைசி வரிசை ரசிகனுக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டை அது. 1960-இல் கெய்ரோ பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்ததும் இதற்குத்தான்.
முதல் மரியாதை (1985): மருந்துக்கும் இல்லை. பாரதிராஜா அவரை அடக்கி வாசிக்க வைத்திருக்கிறார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அந்தப் பெரிய கல்லைத் தூக்கும் இடத்தில் வசனம் எதற்கு?

புதியவர்களுக்கு எளிமை
கட்டபொம்மன்: தூய தமிழ் வசனம், பழக நேரம் பிடிக்கும்.
முதல் மரியாதை: பேச்சுத் தமிழ், இளையராஜா பாட்டு. சிரமமே இல்லை.

மேடையிலிருந்து வந்த நடிகர் எப்படி இருப்பார் என்று தெரிய வேண்டுமா, கட்டபொம்மன். 'சிவாஜி என்றாலே மிகை நடிப்பு' என்று சொல்லும் நண்பர் இருந்தால், சரி, மறுபேச்சில்லாமல் முதல் மரியாதை.