குழு அறிக்கையைப் படிப்பதா, சாட்சியப் பதிவைப் படிப்பதா?

2021 டிசம்பரில், ஒரே வாரத்தில், இரு அவை உறுப்பினர்களும் சேர்ந்த நாடாளுமன்றக் கூட்டுக் குழுக்கள் இரண்டின் அறிக்கைகள் வெளிவந்தன. 14-ஆம் தேதி பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கூட்டுக் குழு, இணையப் பாதுகாப்பு மசோதாவின் வரைவு பற்றிய அறிக்கையை வெளியிட்டது. 16-ஆம் தேதி நம் நாடாளுமன்றக் கூட்டுக் குழு, 2019-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா பற்றிய அறிக்கையை அவையில் வைத்தது. குழந்தைகள், சமூக ஊடக நிறுவனங்களின் பொறுப்பு என்று இரண்டிலும் பொதுவான விஷயங்கள் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்து விரிவாகக் குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். பாதியிலேயே ஒன்று புரிந்துவிட்டது. அறிக்கையைப் படிப்பது வேறு வேலை, அந்த அறிக்கைக்குப் பின்னால் நடந்த பேச்சைப் படிப்பது வேறு வேலை. அன்றிலிருந்து, சாட்சியத்தைச் சொல்லுக்குச் சொல் எழுதிவைத்த பேச்சுப் பதிவு கிடைக்கும் இடத்தில் நான் முதலில் போவது அதற்குத்தான்.

ஒரு குழுவில் நடந்ததை அறியக் காணொளி, அறிக்கை, பேச்சுப் பதிவு என்று மூன்று வழிகள். முதலில் காணொளியைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். பிரிட்டனில் குழுக் கூட்டங்களை நாடாளுமன்றமே நேரலையாகக் காட்டுகிறது, பழைய கூட்டங்களையும் பார்க்கலாம். குழு முன் கருத்துச் சொல்ல வந்த சாட்சி எங்கே தயங்கினார், எந்தக் கேள்விக்குப் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார் என்பதெல்லாம் காணொளியில்தான் தெரியும். ஆனால் இரண்டு மணி நேரக் கூட்டத்தில் ஒரு வாக்கியத்தைத் தேட அது உதவாது. சந்தேகம் வந்த இடத்தைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது அறிக்கை. இந்திய நாடாளுமன்றக் குழுக்களைப் பொறுத்தவரை நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். மக்களவை விதி 266-இன்படி குழுவின் அமர்வுகள் மூடிய கதவுக்குள் நடக்கின்றன. அறிக்கையின் பின்னிணைப்பில் கூட்டக் குறிப்புகள் இருக்கும்: தேதி, நேரம், இடம், வந்த உறுப்பினர்கள், வந்த அதிகாரிகள், எந்தெந்தத் தலைப்பில் பேச்சு நடந்தது என்ற சில வரிகள். கடைசியில் பெரும்பாலும் ஒரு வாக்கியம் வரும்: அமர்வின் சொல்லுக்குச் சொல்லான பதிவு வைக்கப்பட்டுள்ளது என்று. பதிவு இருக்கிறது, ஆனால் நம் கைக்கு வராது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். மூடிய அறைக்கு ஒரு நியாயம் சொல்வார்கள்: கேமரா இல்லாதபோது உறுப்பினர்கள் கட்சி வரம்பைத் தாண்டி மனம்விட்டுப் பேசுகிறார்கள், அதனால்தான் கட்சி வேறுபாடு கடந்து ஒருமித்த அறிக்கைகள் வருகின்றன என்று. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் படிக்கிறவருக்கு அதனால் வரும் இழப்பும் உண்மை.

தரவு மசோதாவையே பாருங்கள். 2022 ஆகஸ்டில் அரசு அதைத் திரும்பப் பெற்றபோது சொன்ன காரணம், குழு 81 திருத்தங்களும் 12 பரிந்துரைகளும் கொடுத்திருக்கிறது, அதனால் புதிய சட்டமே கொண்டுவருகிறோம் என்பது. சரி, அந்த 81 திருத்தங்களில் எதை யார் கேட்டார்கள்? எந்தச் சாட்சியின் பேச்சு எந்தப் பிரிவை மாற்றியது? அறிக்கையில் வந்தவர்களின் பட்டியல் இருக்கிறது, குழுவின் முடிவும் இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போனார்கள் என்பதுதான் இல்லை. உறுப்பினர்கள் சிலர் எழுதிச் சேர்த்த மாறுபட்ட கருத்துக் குறிப்புகள் மட்டும்தான், உள்ளே என்ன வாக்குவாதம் நடந்தது என்பதை ஓரளவு காட்டுகின்றன.

இப்போது பிரிட்டன் பக்கம் வருவோம். அந்தக் கூட்டுக் குழு முன்பு 2021 அக்டோபர் 25-ஆம் தேதி, ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன் சாட்சியம் அளித்தார். அன்று யார் என்ன கேட்டார், அவர் என்ன சொன்னார், எல்லாம் எழுத்தில் இருக்கிறது. ஆனால் என்னை இந்தப் பக்கம் சாய்த்தது முழுப் பேச்சும் கிடைக்கிறது என்பது அல்ல. கேள்வி எண்தான்.

அங்கே குழுவில் கேட்கப்படும் கேள்விகளுக்கு எண் உண்டு. ஒரு விசாரணை முழுவதும் அந்த எண் அமர்வுக்கு அமர்வு தொடர்ந்து ஓடும். அறிக்கையில் ஒரு கருத்து வரும்போது அடிக்குறிப்பில் அந்தக் கேள்வி எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பேச்சுப் பதிவுக்குப் போனால், அறிக்கை ஒரு வரியில் சுருக்கியது அங்கே ஒரு பக்கமாக விரிந்து கிடக்கும். சாட்சி “என் அனுபவத்தில்” என்று தொடங்கினாரா, “ஆய்வு காட்டுகிறது” என்றாரா என்று தெரியும். கேள்வியிலேயே பதில் ஒளிந்திருந்ததா என்று தெரியும். அறிக்கையின் ஒரே மாதிரியான நடையில் இந்த வேறுபாடுகள் தேய்ந்துபோகின்றன.

எண்ணுக்கு இன்னொரு பெரிய பயன், திரும்பி வர முடிவது. பேச்சுப் பதிவு முதலில் திருத்தப்படாத வடிவில் வரும், சாட்சிகள் பார்த்துத் திருத்தம் சொன்னபின் மாறலாம். பக்க எண் தள்ளிப்போகலாம். கேள்வி எண் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஒரு வருடம் கழித்து “இதை யார் சொன்னது?” என்று ஒருவர் கேட்டால், தேதியும் எண்ணும் கொடுத்தால் போதும், அவரும் அதே இடத்துக்கு வந்துவிடுவார். பொதுப் பதிவு என்றால் அது வேண்டும் அல்லவா? நான் படித்தேன் என்பதைவிட, நீங்களும் போய்ப் பார்க்கலாம் என்பதுதான் முக்கியம்.

தேடும்போது ஒரு இடத்தில் பலரும் தடுமாறுவார்கள், நானும் தடுமாறினேன். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வப் பேச்சுப் பதிவான ஹன்சார்டின் தளத்தில் தேடினால் அவைப் பேச்சும், மசோதாவைப் பிரிவு பிரிவாக ஆராயும் பொது மசோதாக் குழுக்களின் பேச்சும் கிடைக்கும். சாட்சியம் கேட்கும் தெரிவுக் குழுக்கள், இது போன்ற கூட்டுக் குழுக்கள் ஆகியவற்றின் பதிவுகள் அங்கே இருக்காது. அவை குழுக்களுக்கான தனித் தளத்தில், ஒவ்வொரு விசாரணையின் பக்கத்துக்குக் கீழே இருக்கும். அப்புறம், பொருளை வைத்துத் தேடுவதைவிடச் சாட்சியின் பெயரை வைத்துத் தேடுவது மேல். அறிக்கை எழுதுகிறவர்களின் கலைச்சொல்லைக் கூட்டத்தில் பேசுகிறவர்கள் பயன்படுத்துவதில்லை, “அந்த வசதி”, “இந்த மாதிரி பதிவுகள்” என்றுதான் போகும். குறிச்சொல் தேடல் அதைப் பிடிக்காது.

இந்த அளவுகோலில் பார்த்தால் ஜப்பான் இன்னும் ஒரு படி மேலே. அங்கே தேசிய நூலகமும் இரு அவைகளின் செயலகங்களும் நடத்தும் தேடல் அமைப்பில், 1947-இல் கூடிய முதல் அமர்விலிருந்து அவைக் கூட்டங்களும் குழுக் கூட்டங்களும் ஒன்றாகக் கிடைக்கின்றன. பேசியவர் பெயர், கூட்டம், தேதி என்று வடிகட்டலாம், ஒவ்வொரு பேச்சுக்கும் தனி எண் உண்டு. எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, இயந்திர மொழிபெயர்ப்பை வைத்துச் சில நாட்கள் துழாவியதுதான் என் அனுபவம். ஆகவே தேடும் வசதியைப் பற்றி மட்டுமே உறுதியாகச் சொல்கிறேன், படிக்கும் அனுபவத்தைப் பற்றி அல்ல.

இவ்வளவும் சொன்னபின், இந்திய அறிக்கைகள் வெல்லும் ஒரு இடத்தையும் சொல்லியாக வேண்டும். அமைச்சகங்களின் வேலையை ஆராயும் துறைசார் நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 31 உறுப்பினர்கள் வரை. இவை பரிந்துரை கொடுத்தபின் அரசின் பதிலை வாங்கி, அதன்மேல் இன்னொரு அறிக்கை எழுதுகின்றன. இந்த நடவடிக்கை அறிக்கைகளின் அத்தியாய அமைப்பு கிட்டத்தட்ட மாறாதது: அரசு ஏற்றவை இரண்டாம் அத்தியாயம், அரசின் பதிலைப் பார்த்தபின் குழு மேற்கொண்டு வலியுறுத்தாதவை மூன்றாவது, குழு ஏற்க மறுத்த பதில்கள் நான்காவது, இறுதிப் பதில் வராதவை ஐந்தாவது. நான்காம் அத்தியாயத்தை மட்டும் படித்தாலே ஒரு அமைச்சகத்துக்கும் குழுவுக்கும் எங்கே ஒத்துப்போகவில்லை என்பது கண்முன் வந்துவிடும். பேச்சுப் பதிவில் இந்தத் தெளிவு கிடைக்காது. அங்கே சூடான வாக்குவாதம் இருக்கும், அதன் விளைவு என்ன ஆனது என்பதை வேறு ஆவணத்தில் தேட வேண்டும்.

ஒரு கொள்கை என்ன ஆனது என்று மட்டும் தெரிய வேண்டுமானால் அறிக்கை போதும், நேரமும் மிச்சம். ஒருவர் சொன்னதாக நீங்கள் எழுதப்போகிறீர்கள் என்றால் பேச்சுப் பதிவுக்குப் போகாமல் எழுதாதீர்கள். பேச்சுப் பதிவு கிடைக்காத இந்திய அறிக்கைகளை நான் இப்போது பின்னாலிருந்து படிக்கிறேன்: முதலில் மாறுபட்ட கருத்துக் குறிப்புகள், பிறகு கூட்டக் குறிப்புகளில் எந்தத் தேதியில் யார் வந்தார்கள் என்பது, கடைசியாகப் பரிந்துரைகள். குறிப்பேட்டில் அறிக்கை எண்ணையும் பத்தி எண்ணையும் எழுதிவைக்கிறேன்.