ஹட்டனில் பழைய வீட்டின் ஹோலும் சாப்பாட்டறையும்: நான்கு மழைக்காலம் பார்த்த பிறகு

இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் இருக்கும் எங்கள் தாத்தா காலத்து வீட்டின் ஹோலையும் சாப்பாட்டறையையும் 2021 கடைசியில் திருத்தினோம். பழைய கல்வீட்டில் கைவைக்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

இரண்டு அறைக்கும் நடுச்சுவரைத் திறந்தது நல்ல முடிவு. முழுச் சுவரையும் எடுக்கச் சொல்லி நான் பிடிவாதமாக நின்றேன். மேசன் பாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, இந்த வீட்டுல தூண் இல்ல. கூரையச் சுவருதான் சுமக்குது." இரு பக்கமும் இரண்டடி விட்டு, மேலே பாரம் தாங்கக் கொங்கிரீட் லின்டல் (குறுக்கு உத்தரம்) போட்டு, ஆறடிக்குத் திறந்தார். இன்றுவரை ஒரு கீறல் இல்லை. காலை வெயில் சாப்பாட்டு மேசை வரை வருகிறது. அம்மா அங்கே உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறார்.

பிழையாகப் போனது பின்சுவர். கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது. பழைய பூச்சு உதிர்கிறதே என்று சீமெந்து பூசி, விலை கூடிய பெயின்ட் அடித்தோம். அடுத்த மே மாதம் மழை தொடங்கியது. ஜூலைக்குள் தரையிலிருந்து மூன்றடிக்குப் பெயின்ட் அப்பளமாகப் பொங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் உடைந்து, உள்ளிருந்து வெள்ளை உப்பு மாவாகக் கொட்டும். சோபாவின் முதுகெல்லாம் பூஞ்சணம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடிக்கும், காற்றுப் பட்டால் விட்டுவிடும். சீமெந்துப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. இதை விளங்கிக்கொள்வதற்குள் 2022 விலையேற்றம் வந்து, இரண்டாம் தடவை வேலைக்கு நல்ல காசு போனது.

இந்த முறை வெளியிலிருந்து தொடங்கினோம். பின்பக்க மண் உள்தரையை விட ஒன்றரை அடி உயர்ந்திருந்தது. அதை வெட்டி இறக்கி, சுவரோரம் மழைத்தண்ணீர் ஓடக் கான் எடுத்தோம். சீமெந்தைக் கொத்திவிட்டு, டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை சுவரைச் சும்மா காயவிட்டோம். அப்புறம் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. இந்தப் பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்லத்தான் இறுகும், அவசரப்படுத்தக் கூடாது. சீக்கிரம் காயாமல் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டோம். மேலே பெயின்ட் இல்லை, சுண்ணாம்புதான் அடித்தோம். போன ஜூலையில் கை வைத்துப் பார்த்தேன். குளிர் இருந்தது, ஈரம் இல்லை.

தரையில் இன்னொரு பிழை. ஹோலுக்கு மினுங்கும் டைல் பதித்தோம். மழை நாளில் வியர்த்து வழுக்குகிறது, அம்மா ஒரு தடவை விழப் பார்த்தார். சாப்பாட்டறையின் சிவப்புச் சீமெந்துத் தரையைக் காசு போதாமல்தான் விட்டுவைத்தோம். வெடிப்பை அடைத்து, மெல்லிசாகச் சிவப்புப் பொலிஷ் போட்டு, தேங்காய் மட்டையால் தேய்த்ததும் பாட்டி இருந்த காலத்து நிறம் திரும்பிவிட்டது. வீட்டில் அதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். டைல் மேல் இப்போதைக்குப் பாய் விரித்திருக்கிறோம். வருகிற பெப்ரவரியில், மழைக்கு முன், டைலைக் கழற்றுகிறோம்.