ஸ்போர்ட்ஸ் கார் இருக்கையின் காற்றுப்பை: பழுது பார்த்து நான்கு ஆண்டுகள்

பொத்தானை அழுத்தினால் பம்பு ஓடும் சத்தம் கேட்கிறது. முதுகில் மட்டும் எதுவும் தெரியவில்லை. 2021 பிப்ரவரியில் அரிசோனா மாநிலம் பீனிக்ஸில் நான் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் அந்த நிலையில்தான் வந்து சேர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் வந்த, இருவர் மட்டும் அமரக்கூடிய வண்டி. ஓட்டுநர் இருக்கையின் முதுகுப் பகுதியில், இடுப்பு உயரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று காற்றுப்பைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய குழாய், ஒரு வால்வு. மூன்றுக்கும் பொதுவாக 12 வோல்ட் பம்பு ஒன்று.

இந்த வகைக் கார்களில் தரையோடு தரையாக, காலை நீட்டித்தான் உட்கார வேண்டும். அப்போது இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து, கீழ்முதுகின் இயல்பான வளைவு தட்டையாகிவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தப் பைகள். எனக்கு முதுகுவலி உண்டு. தினமும் 60 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பைகள் இல்லாமல் எனக்குக் கட்டுப்படியாகாது.

காட்டிய பட்டறையில் பம்பை மாற்றச் சொன்னார்கள். ஓடுகிற பம்பும் உள்ளே டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்து காற்றைத் தள்ளாமல் இருக்கலாம் என்பது உண்மைதான். அதைத் தெரிந்துகொள்ள, பம்பிலிருந்து குழாயைக் கழற்றி அந்த வாயை விரலால் அடைத்துப் பார்த்தாலே போதும். என் விரலை அது நன்றாகவே தள்ளியது. கோளாறு வேறெங்கோ இருந்தது.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு இருக்கையை வெளியே எடுத்தேன். (புதிய கார்களில் இருக்கையின் பக்கவாட்டில் உயிர்காக்கும் ஏர்பேக் இருக்கும், மஞ்சள் நிற இணைப்பைக் கண்டால் கையேட்டைப் படிக்காமல் தொடவே வேண்டாம்.) தோல் உறையை இழுத்துப் பிடித்திருக்கும் கம்பி வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டி உறையை விலக்கினேன். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வீட்டில் இருந்தது. அதன் ரப்பர் பந்தையும் முள் காட்டும் மானியையும் ஒவ்வொரு பையின் குழாயிலும் பொருத்திக் காற்றடித்தேன். மேல் பையில் ஏறிய முள் இறங்காமல் நின்றது, பை நன்றாகவே இருந்தது; அதற்குப் போகும் குழாய்தான் டி வடிவ இணைப்பில் விறைத்துப்போய், பிடிப்பில்லாமல் தளர்ந்து நின்றது. நுனியில் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி செருகியதும் அது சரியாகிவிட்டது. மற்ற இரண்டிலும் முள் கண்ணெதிரே இறங்கியது. சோப்பு நீரைத் தடவினேன். ஓரம் ஒட்டப்பட்ட விளிம்பு நெடுகக் கடுகு கடுகாகக் குமிழிகள் எழுந்தன.

முதலில் சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத்தான் முயன்றேன். அது ரப்பருக்கானது, பையோ வினைல். மறுநாளே உரிந்து வந்துவிட்டது. பிறகு வினைல் பசையும் வினைல் துண்டும் வைத்து ஒட்டினேன். அது பிடித்தது. ஆனால் ஜூலையில், ஒட்டிய இடத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளிப் புதிதாக விரிசல் விட்டது. வினைலுக்கு மென்மை தரும் பொருள் ஆண்டுக்கணக்கான வெயிலில் வெளியேறிவிட, பை முழுவதும் விறைத்துப்போயிருந்தது. ஓரிடத்தை ஒட்டினால் அடுத்த இடம் பிளக்கிறது. முப்பது வயதான பையை ஒட்டுவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

நவம்பரில் பழைய பைகள் இரண்டையும் எடுத்தெறிந்துவிட்டு, இரத்த அழுத்தக் கருவியின் கைப்பட்டைகளை அங்கே வைத்தேன். பெரியவர்களுக்கான பட்டையின் உள்ளே இருக்கும் பை சுமார் 12 சென்டிமீட்டர் அகலம், 23 சென்டிமீட்டர் நீளம். இடுப்பு வளைவுக்குப் பொருத்தமான அளவு. அந்தக் கருவி 300 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரை காட்டும். பையும் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதுதான். முதுகைத் தாங்க அந்த அளவு அழுத்தம் தேவைப்படுவதில்லை. பையைத் துணிப்பட்டையிலிருந்து பிரிக்காமல் அப்படியே மடித்துத் தைத்தேன். துணி இல்லாவிட்டால் அது பலூன் போல நடுவில் உருண்டுவிடும், முதுகில் பந்து வைத்தது போல் குத்தும். பையிலிருந்து வரும் இரண்டு குழாய்களில் ஒன்றைப் பித்தளைத் திருகால் அடைத்துக் கட்டினேன். மற்றதைப் பழைய வால்வில் இணைத்தேன். பட்டைகள் இரண்டும் சேர்த்து 30 டாலருக்குள் முடிந்தது.

நான்கு ஆண்டுகளில் ஒரே ஒரு தொந்தரவு: அடைத்த குழாய் இரண்டாம் ஆண்டில் மெல்லக் கசிந்தது. பக்க உறையின் ஜிப்பைத் திறந்து, குழாயை மடித்துக் கட்டியதும் நின்றுவிட்டது. 2023 கோடையில் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பூட்டிய காருக்குள் இன்னும் கொடுமை. சூட்டில் அடைபட்ட காற்று விரிந்து விளிம்பைப் பிளக்கும் என்பதால், கோடையில் வண்டியை நிறுத்தியதும் காற்றை இறக்கிவிடுகிறேன். காலையில் ஏறியதும் சில நொடிகள் பம்பை ஓட்டினால் போதும்.

பைகள் கசியவில்லை என்பதை மலைப்பாதையில்தான் நன்றாக உணர்கிறேன். பீனிக்ஸ் சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே மலைமேல் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 2,100 மீட்டர். வழியில் வரும் கேம்ப் வெர்டி ஊரைக் கடந்து ஏற்றம் பிடித்ததும், வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய, பைகள் முதுகை மெல்ல முன்னால் தள்ளுகின்றன. ஒரு நொடி காற்றை விடுகிறேன். திரும்பி இறங்கும்போது பிடிமானம் தளர்ந்துவிடுகிறது. ஒரு நொடி காற்றை ஏற்றிக்கொள்கிறேன். ஓட்டைப் பைகளோடு இதே சாலையில் போய்வந்த மாதங்களில் இப்படி ஒருமுறைகூட நடந்ததில்லை.