பவானி ஆற்றங்கரைப் பாதை: குடும்பத்தோடு பல ஆண்டுகள் சென்று வந்த அனுபவம்

ஈரோட்டிலிருந்து குடும்பத்துடன் காரில் ஒரு நாள் வெளியே செல்ல விரும்புகிறவர்களுக்கு, பவானி கூடுதுறையில் தொடங்கிப் பவானிசாகர் அணைப் பூங்காவில் முடியும் பாதையையே நான் பரிந்துரைப்பேன். பிள்ளைகள் மடியில் இருந்த காலத்திலிருந்து அவர்கள் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் இன்றுவரை, கோடையிலும் மழையிலும் இதே பாதையில் சென்று வருகிறோம். போய்வர இருநூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுவதால் எழுபது வயதைக் கடந்த அம்மிச்சிக்கும் (பாட்டிக்கும்) அலுப்புத் தட்டுவதில்லை. ஆற்றின் போக்குக்கு எதிராக மேல்நோக்கிச் செல்வதுதான் இந்தப் பயணத்தின் சிறப்பு. ஒரே ஆற்று நீரை மூன்று வெவ்வேறு காலத்தவர்கள் எப்படிப் பங்கிட்டுக் கொண்டார்கள் என்பது பிள்ளைகளுக்குக் கண்ணெதிரே விளங்கும்.

கூடுதுறைக்குக் காலையிலேயே சென்றுவிடுவது நல்லது. காவிரியும் பவானியும் கலக்கும் இந்த இடத்தில், கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேர்வதாக நம்பிக்கை. அமாவாசை நாள்களில் தர்ப்பணம் கொடுக்க வருவோர் கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பதால் அன்று வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது. சங்கமேஸ்வரர் கோவிலில், கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த வில்லியம் காரோ 1804ஆம் ஆண்டில் வேதநாயகி அம்மனுக்கு அளித்த தந்தக் கட்டில் இருக்கிறது. அம்மன் கனவில் வந்து எழுப்பியதால், இடிந்து விழுந்த மாளிகையிலிருந்து அவர் உயிர் தப்பினார் என்று சொல்லப்படும் கதையை எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் அம்மிச்சியிடம் கேட்டு வாங்குவார்கள்.

கூடுதுறைக்குச் சற்று மேலே இருக்கும் காலிங்கராயன் அணைக்கட்டைப் பலரும் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். கொங்கு நாட்டுத் தலைவர் காலிங்கராயன் 1283இல் முடித்ததாகக் கூறப்படும் வாய்க்கால் இங்கிருந்து புறப்பட்டு, நிலத்தின் மட்டத்தை அனுசரித்து வளைந்து வளைந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடி நொய்யலில் சேர்கிறது. இன்றும் 15,743 ஏக்கர் அதனால் பாசனம் பெறுகிறது. தன் நிலத்துக்காகவே வெட்டினான் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக, அவர் சொந்த ஊரான வெள்ளோட்டை விட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதே வாய்க்கால் ஈரோட்டு நகர்ப் பகுதியில் சாயக் கழிவாலும் தோல் கழிவாலும் நிறம் மாறிப்போனதையும், கழிவைப் பிரித்துக் கொண்டுசெல்லப் பக்கத்திலேயே பேபி கால்வாய் வெட்ட நேர்ந்ததையும் நினைத்தால் மனம் வேதனைப்படுகிறது. பிள்ளைகளிடம் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

கவுந்தப்பாடியில் நாட்டுச் சர்க்கரை வாங்கிக்கொள்ளலாம். பழநிப் பஞ்சாமிர்தத்துக்குச் செல்வதும் இங்கத்திச் சர்க்கரைதான். கோபிசெட்டிபாளையத்தைத் தாண்டினால் இருபுறமும் நெல் வயலும் வாழையும் தென்னையுமாகப் பாதை நிழல் கட்டும்.

கொடிவேரியைப் பகல் உணவுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். 1125ஆம் ஆண்டில் கட்டப்பட்டதாகக் கூறப்படும் இந்தத் தடுப்பணையின் மேல் நீர் பரந்து வழிந்து விழும் அழகுக்காகவே மக்கள் வருகிறார்கள். ஆனால் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை ஆகிய இரண்டு வாய்க்கால்கள் இங்கிருந்து பிரிந்து 24,504 ஏக்கருக்கு நீர் கொடுப்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. குளிப்பதற்குப் பிள்ளைகளுக்கு ஏற்ற இடம்தான். எனினும் மேலே பவானிசாகர் அணையில் உபரி நீர் திறந்தால் குளிக்கத் தடை விதித்துவிடுவார்கள். விடுமுறை நாள்களில் நெரிசல் கடுமையாக இருக்கும். பெண்கள் உடை மாற்றும் வசதி வருகிற கூட்டத்துக்குப் போதாது என்பது எங்கள் வீட்டுப் பெண்களின் நெடுநாளைய மனக்குறை. கரையில் பொரித்துக் கொடுக்கும் மீனை எண்ணெயின் நிறத்தைப் பார்த்த பிறகு வாங்குவது நல்லது.

பவானியும் மோயாறும் கூடும் இடத்தில் 1948இல் பணி தொடங்கி 1955இல் முடிந்தது பவானிசாகர் அணை. எட்டுக் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மண் அணை, 105 அடி நீர்மட்டம், 32.8 டி.எம்.சி. கொள்ளளவு, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். அணையின் அடிவாரப் பூங்காவில் ஊஞ்சலும் சறுக்கு மரமும் படகும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு அது போதும். வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத்தில் சலித்துவிடும். இருட்டும் முன்பே புறப்பட்டுவிட வேண்டும், ஏனெனில் சுற்றிலும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் காடு, சாலையில் யானை நடமாட்டம் உண்டு.

ஈரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்ட சங்ககிரி மலைக்கோட்டையையும் இதே நாளில் சேர்த்துவிட வேண்டாம். அடுக்கடுக்கான மதில்களைக் கடந்து ஏறும் வழியில் நிழல் குறைவு. காலை வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விட வேண்டும், முதியவர்கள் அடிவாரத்தில் காத்திருப்பதே உசிதம். ஆடிப் பதினெட்டு ஆடிப்பெருக்கு நாள் என்பதோடு சின்னமலையின் நினைவு நாளாகவும் கடைப்பிடிக்கப்படுவதால் அன்று அங்கும் கூடுதுறையிலும் கூட்டம் நிறைந்திருக்கும். ஆற்றங்கரைப் பாதைக்குப் புரட்டாசி முதல் கார்த்திகை வரையான மாதங்களே எங்களுக்கு ஒத்துவந்தன: வாய்க்கால்களில் நீர் ஓடும், வெயிலும் தணிந்திருக்கும். புறப்படும் முன் கொடிவேரியில் குளிக்க அனுமதி உண்டா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.