பேச்சிப்பாறையா, சிற்றாறா, நெய்யாறா? பிள்ளைகளோடு ஏரிக்கரையில் ஒரு ராத்திரி

ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம் என்று சொன்னதும் என் மாமி பீரோவின் அடித்தட்டிலிருந்து நான்கு ஸ்வெட்டர்களை எடுத்து வெயிலில் காயப்போட்டார்கள். மலையும் காடும் தண்ணீரும் சேர்ந்தால் குளிர் என்பது அவர்கள் கணக்கு. நான்கும் மடிப்புக் கலையாமல் வீட்டுக்குத் திரும்பின. நம் குமரி மாவட்டத்து அணைகளைச் சுற்றி மலை நிற்கிறதே தவிர, தண்ணீர் கிடப்பது அடிவாரத்தில். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் நெய்யாறு அணை முழுக்க நிரம்பினாலே கடல்மட்டத்திலிருந்து 84.75 மீட்டர்தான். கொடைக்கானல் போல நடுங்க இங்கே வழியில்லை. ராத்திரி பத்து மணி வரை விசிறிக்கொண்டுதான் இருப்பீர்கள்.

இரண்டு வருடத்தில் மூன்று இடங்களில் தங்கிவிட்டோம். கூட்டம் எப்போதும் ஒன்றுதான்: நான், வீட்டுக்காரர், பத்து வயது மகள், ஆறு வயது மகன், முட்டுவலி உள்ள மாமி. பகலில் இந்த மூன்று இடங்களுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பச்சை மலை, கண்ணாடி மாதிரித் தண்ணீர், கரையில் நீர்க்காகம், போட்டோ. சாயங்காலம் ஆறரை தாண்டியதும்தான் ஒவ்வொன்றும் தன் குணத்தைக் காட்டுகிறது. அதனால் நான் ஒப்பிடப் போவது ராத்திரியைத்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இடம் அழகாக இருக்கிறது என்று அணைக்கரையிலோ காட்டுக்குள்ளோ போய் நாமாகக் கூடாரம் அடிக்க முடியாது. 2008இல் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர். நாம் பார்த்து ஆசைப்படுகிற மலைகளில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். அனுமதி இல்லாமல் ராத்திரி தங்கினால் வழக்கு, அபராதம் எல்லாம் உண்டு. யானையும் உண்டு. ஆக நமக்கு இருப்பது காட்டை ஒட்டிய பட்டா நிலம், அதாவது யாரோ ஒருவருடைய ரப்பர் தோட்டத்தின் ஓரம். போன் பண்ணும்போதே “பட்டா நிலம்தானா, அரசு நிலமா?” என்று கேளுங்கள். பதில் வழவழ என்று வந்தால் அந்த நம்பரை விட்டுவிடலாம்.

காளிகேசத்தைப் பட்டியலில் சேர்க்கவில்லையே என்று மதினி கேட்டார். கீரிப்பாறை தாண்டிப் போகிற அந்த ஆறு எனக்கும் பிடிக்கும். முழங்கால் அளவுத் தண்ணீரில் பிள்ளைகள் மணிக்கணக்கில் கிடப்பார்கள். ஆனால் அது பகலுக்கான இடம். காலையில் போ, குளி, கட்டுச்சோறு சாப்பிடு, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கு. நடக்கப் பிரியப்படுகிறவர்களுக்கு, தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் காளிகேசம் முதல் பாலமோர் வரையிலான பாதையும் இருக்கிறது. அது வேறு கதை.

சரி, பேச்சிப்பாறை.

நாங்கள் போனது அரைப் பரீட்சை லீவில், டிசம்பர் கடைசி வாரம். வடகிழக்குப் பருவமழை கொட்டி ஓய்ந்திருந்தது, அணையில் தண்ணீர் நன்றாகவே இருந்தது. அணையின் முழு அளவு 48 அடி. 42ஐத் தொட்டால் வெள்ள எச்சரிக்கை. நம் ஊரில் பேப்பர் பிரித்தவுடன் அணை நீர்மட்டம் பார்க்கிற பழக்கம் வயலுக்காக வந்தது. கேம்பிங்குக்கும் அதே கட்டம்தான் உதவுகிறது. நாற்பதைத் தாண்டி இருக்கிறது, மேலே மழையும் பெய்கிறது என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். உபரி நீரைக் கோதையாற்றில் திறந்தால் திற்பரப்பு அருவியில் குளிக்கவும் தடை போட்டுவிடுவார்கள். இரண்டும் ஒரே நாளில் கைவிட்டுப் போகும். பிப்ரவரி கடைசியில் பாசனத்துக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தி அணையை அடைப்பார்கள். அதற்குள் கும்பப்பூ, அதாவது இரண்டாம் போக நெல் வயல்களுக்குப் போனது போக, கரை நெடுக சிவப்பு மண் வெளியே தெரியும். ஏப்ரலில் போன என் அண்ணன் “ஏரிக்கரைன்னு போனேன், ஏரி கால் மைல் தள்ளி இருக்கு” என்றான். ஆகவே டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி பாதி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் சரிவு. அடுக்கடுக்காக வெட்டிய மண்மேடையில் ஐந்து கூடாரம், நடுவில் ஓடு போட்ட பழைய ஷெட், அதில் நான்கு கட்டில். கூடாரத்துக்குள் குனிந்து நுழைந்து தரையில் படுத்து எழ மாமியால் முடியாது. அந்த ஓட்டுக் கூரையும் கட்டிலும் இல்லாவிட்டால் அவர்களை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும். கக்கூஸ் இருபதடி தூரம், வழி நெடுக சிமெண்ட் படி, ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள பைப். கேட்க அற்பமாகத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் மாமியின் முழங்கையுமாக நடந்து பார்த்தால்தான் அந்தப் பைப்பின் அருமை தெரியும்.

சாப்பாடு தோட்டத்து வீட்டிலிருந்து வந்தது. மரச்சீனிக்கிழங்கு அவித்து மசித்தது, சாளைக் குழம்பு, பிள்ளைகளுக்குச் சோறும் பப்படமும், காலையில் புட்டும் பயறும் மட்டிப்பழமும். நாமே சமைப்பதாக இருந்தால் அடுப்பை எங்கே மூட்டலாம் என்று கேட்டுவிட்டு மூட்டுங்கள். ஜனவரியில் ரப்பர் இலை உதிர ஆரம்பிக்கும். தோட்டம் முழுக்கக் காய்ந்த சருகு மெத்தை. ஒரு பொறி போதும். எங்களுக்கு ஒதுக்கியது தண்ணீரை ஒட்டிய வெற்று மண், பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர்.

விடியலைத்தான் சொல்ல வேண்டும். நான்கரை இருக்கும், மகன் என்னை உலுக்கி எழுப்பினான். “அம்மா, மரத்துக்குள்ள லைட்டு நடக்குது.” எட்டிப் பார்த்தேன். சரிவின் இருட்டில் மூன்று நான்கு வெளிச்சப் பொட்டு, ஒரு மரத்தில் நிற்கும், தாழும், அடுத்த மரத்துக்குப் போகும். பால் வெட்டுகிறவர்கள். நெற்றியில் விளக்கு, கையில் கத்தி. கிட்டே வந்தபோது ஒரு அண்ணன் மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். நேற்று வெட்டிய தடத்தில் சுருண்டு காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்துச் சிரட்டையோரம் இருந்த பையில் போட்டார். பட்டையை நூல் கனத்துக்கு ஒரு சீவு சீவினார். வெள்ளைப் பொட்டுகள் வரிசையாகப் பூத்து, ஒன்றாகச் சேர்ந்து, கோடாக இறங்கி, சிரட்டையில் சொட்ட ஆரம்பித்தது. “வெயில் ஏறினா பால் நின்னுரும் மக்ளே, அதான் இருட்டுல வாறோம்” என்றார். ஒட்டுப்பால் கொஞ்சத்தை உருட்டிப் பந்தாக்கிக் கொண்டுவந்துவிட்டான். கார் ஒரு வாரம் நாறியது.

பெரியவர்களுக்கும் பார்க்க விஷயம் இருக்கிறது. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில் 1897இல் தொடங்கி 1906இல் முடித்த அணை. கட்டிய எஞ்சினியர் மிஞ்சின் துரையின் கல்லறை அணைக்கு அருகிலேயே இருக்கிறது. நீர்ப்பரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் காணிக்காரப் பழங்குடிகளின் குடியிருப்புகளுக்குப் படகில் போகிறவர்களைக் கரையிலிருந்தே பார்க்கலாம். அது அவர்களுடைய அன்றாடப் போக்குவரத்து. வேடிக்கைச் சவாரியாக நினைத்து ஏறிக்கொள்ள வேண்டாம்.

குறை இல்லையா? இருக்கிறது. கொசு. அப்புறம், கரை சட்டென்று ஆழமாகும் இடங்கள் உண்டு. பிள்ளைகளை நான் தண்ணீரில் இறக்கவே இல்லை. குளியலுக்கு மறுநாள் திற்பரப்பு.

சிற்றாறுக்கு ஓணம் லீவில் போனோம். அந்த நாள் தேர்வு எங்கள் தப்பு. ஆனால் அழகு என்று மட்டும் பார்த்தால் மூன்றிலும் இதற்குத்தான் முதல் இடம். சிற்றாறு ஒன்று, இரண்டு என்று இரட்டை அணை, முழு அளவே 18 அடி. தண்ணீர் ரப்பர் காட்டுக்குள் விரல் விரலாக நுழைந்து கிடக்கும். பேச்சிப்பாறையில் இருக்கும் ஆள் நடமாட்டத்தில் கால்வாசிகூட இல்லை. மகளுக்கு இன்றுவரை இதுதான் பிடித்த இடம், காரணம் ரப்பர் காய். ஆவணி வெயிலில் காய்கள் டப் டப் என்று வெடித்துக் குரு, அதாவது கொட்டை, தெறித்து விழுந்துகொண்டே இருந்தது. சிமெண்ட் தரையில் குருவை உரசி அடுத்தவர் கையில் சூடு வைக்கிற பழைய வித்தையை அவள் அப்பா சொல்லிக்கொடுக்க, பாதி நாள் அதிலேயே போனது.

ராத்திரிதான் கவிழ்ந்தது. வாடகைக்குக் கூடாரம் கொடுத்தவர் “வாட்டர் ப்ரூஃப்” என்றார். மேலே போடவேண்டிய இரண்டாவது துணி இல்லை. பதினொன்றரைக்கு மழை. பத்து நிமிஷத்தில் கூடாரத் துணி வியர்த்து, தையல் வழியே சொட்டி, தலையணை நனைந்தது. ஒதுங்க ஷெட் இல்லை. மிச்ச ராத்திரி ஐந்து பேரும் காரில். கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் சாரல். காலையில் மாமியின் கணுக்காலில் அட்டை, நன்றாகக் குடித்துக் கொழுத்து. உப்பு வைத்ததும் சுருண்டு விழுந்தது. ரத்தம்தான் வெகுநேரம் நிற்கவில்லை. “பிள்ளே, இதுக்கு அந்த ஸ்வெட்டரையாவது கொண்டுவந்திருக்கலாம், துடைக்க ஆச்சு” என்றார்கள். கொடுத்த முன்பணத்தில் பாதியைத் திருப்பிக் கேட்டோம். மழைக்கு அவர் பொறுப்பில்லையாம்.

இடத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் விழுகிற மாவட்டம் இது, இடையில் மிச்சம் இருக்கும் மாதத்திலும் மலையோரத்தில் சாயங்கால மழை சாதாரணம். சிற்றாறு வேண்டுமென்றால் சொந்தக் கூடாரம், வெளித்துணியோடு, ஜனவரியில். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்தவர்களாக, உடன் வயசாளி யாரும் இல்லாமல் இருந்தால் நான் பேச்சிப்பாறையைவிட இதையே சொல்வேன். ஒரு கூடாரம் வாங்குகிற காசுக்கு மூன்று தடவை வாடகை கொடுத்துவிடுகிறோம், யோசித்துப் பாருங்கள்.

நெய்யாறு. மார்த்தாண்டத்திலிருந்து அருமனை, வெள்ளறடை வழியாகப் போனோம். இந்தப் பெயரைச் சொன்னாலே விளவங்கோடு தாலுகாக்காரர்களுக்கு முகம் மாறும். இடதுகரைக் கால்வாயில் நம் பக்கத்துக்கு வந்த தண்ணீரைக் கேரளம் 2004இல் நிறுத்தியது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. என் வீட்டுக்காரருடைய சித்தப்பாவுக்கு அந்தக் கால்வாயோரம்தான் வயல். “தண்ணி தரமாட்டானுவ, நீங்க போய் அந்தத் தண்ணியைப் பாக்க துட்டு குடுத்துட்டு வாங்க” என்றார். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் ஏற்பாடு என்று எடுத்துக்கொண்டால் நெய்யாறு பல படி மேலே. அங்கே 1958 முதலே சரணாலயம், சுற்றுலாவுக்குப் பழகிய ஊர். படகுச் சவாரி, கேரள சுற்றுலாக் கழகத்து ஹோட்டல், முதலைப் பண்ணை, கொஞ்சம் தள்ளிக் கோட்டூர் காப்புக்காட்டில் யானைகள் மறுவாழ்வு மையம். குட்டி யானையைக் குளிப்பாட்டுவதைப் பார்த்த பிறகு பிள்ளைகளுக்குக் கூடாரமே மறந்துபோனது. வானம் தெளிந்திருந்தால் அகத்தியமலையும் தெரியும்.

தங்கிய இடத்தில் கூடாரங்கள் சிமெண்ட் தளத்தின் மேல், அதற்கும் மேலே தகரக் கூரை, உள்ளே மின்விசிறி, நனையாத மெத்தை. மே மாதக் கோடை மழை தகரத்தில் செண்டை அடித்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கக்கூஸில் டைல்ஸ். மாமி நிம்மதியாகத் தூங்கிய ஒரே ராத்திரி அது. வீட்டுக்காரர்தான் “கல்யாண மண்டபத்துக்குள்ள கூடாரம் போட்ட மாதிரி இருக்கு” என்று காலை வரை சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தளத்தில் வந்திருந்த பையன்கள் நள்ளிரவு வரை ஸ்பீக்கர் வைத்தார்கள். தவளைச் சத்தம் கேட்கப் போன எனக்கு அது பெரிய ஏமாற்றம். செலவும் பேச்சிப்பாறையில் ஆனதைப்போல ஒன்றரை மடங்கு. தண்ணீரில் கால் வைக்கும் பேச்சே இல்லை, நீர்த்தேக்கத்தில் முதலை இருக்கிறது. அந்தப் பலகையைக் கண்டதும் மகன் தானாகவே பத்தடி பின்னால் போய்விட்டான். பேச்சிப்பாறையில் அவனைத் தண்ணீரிலிருந்து தள்ளி வைக்க நான் பட்ட பாடு இங்கே இல்லை.

வைத்தியத்தை நினைத்துப் பார்த்தால் பேச்சிப்பாறைக்கு ஒரு படி கூடுதல். குலசேகரம் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில், அங்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. பெரிதாக ஏதாவது என்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி. ரப்பர் தோட்டத்தில் பாம்பு இல்லை என்று சொல்பவரை நம்பாதீர்கள். இருட்டில் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, காலையில் ஷூவை உதறாமல் போடக் கூடாது. எங்கள் வீட்டில் இந்த இரண்டை மீறினால் மறுநாள் பழம்பொரி கிடையாது.

அப்படியானால் எது? பாட்டி, தாத்தா, சின்னப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து முதல் தடவையாகப் போகிறீர்கள் என்றால் பேச்சிப்பாறை, ஆனால் கூடாரத்தோடு ஒரு கட்டிடக் கூரையும் உள்ள இடமாக. கோடை விடுமுறையில்தான் முடியும், மழைக்குப் பயம் என்றால் நெய்யாறு, அதுவும் வாரநாளில். சனிக்கிழமை ஸ்பீக்கருக்கு நான் பொறுப்பில்லை.

இந்த ஜனவரிக்குச் சிற்றாறு என்று முடிவாகியிருக்கிறது. மகள் பிடிவாதம் பிடித்து வாங்கிய புதுக் கூடாரம் இப்போது மொட்டை மாடியில் நிற்கிறது. வீட்டுக்காரர் அதன்மேல் செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், உள்ளே மகன் உட்கார்ந்து “இன்னும் இல்ல, இன்னும் இல்ல” என்று சத்தம் போடுகிறான். மாமி படியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நீங்கள் நாலு பேரும் போங்கள், நான் பேச்சிப்பாறைக்கு என்றால் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள்.