துளையா, வரிப்பள்ளமா, வளையமா: மலையகத்துப் பட்டறையில் கணினிக்கு ஒரு வாட்டர் பிளாக்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற ஊர்களில் லேத் பட்டறையைக் கண்டுபிடிப்பது சிரமமன்று. தேயிலைத் தொழிற்சாலைகள் இருக்கும் இடத்தில் தண்டு கடைபவரும் புஷ் போடுபவரும் இருப்பார்கள். சுழலும் கட்டரால் பள்ளம் வெட்டும் மில்லிங் இயந்திரம் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே, கணினியின் செயலிக்குச் சொந்தமாக வாட்டர் பிளாக் (செயலியின் மேல் பொருத்தி, உள்ளே நீரை ஓடவிட்டு அதைக் குளிர்விக்கும் உலோகக் கட்டை) செய்ய விரும்புபவர், தமது ஊர்ப் பட்டறையில் என்ன இயந்திரம் உண்டு என்பதை முதலில் விசாரித்துவிட்டு, அதற்குப் பிறகே காகிதத்தில் வடிவம் வரைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் உலோகம். செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீற்றருக்கும் பாகைக்கும் ஏறத்தாழ 400 வாட். கடைகளில் கிடைக்கும் 6061 வகை அலுமினியக் கலவைக்கு அது சுமார் 167. பித்தளைக்குச் சுமார் 120. இந்த எண்களைப் பார்த்தவுடன் அலுமினியத்தை ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள அடித்தளத்தின் ஊடாக, 4 சதுர சென்றிமீற்றர் பரப்பில், 100 வாட் வெப்பம் கடப்பதாகக் கணக்கிட்டால், செம்பில் 2.5 பாகையும் அலுமினியத்தில் 6 பாகையும் பித்தளையில் 8 பாகைக்குச் சற்று மேலும் வெப்பநிலை வேறுபாடு உண்டாகும். செம்புக்கும் அலுமினியத்துக்கும் இடையில் உள்ளது மூன்றரைப் பாகைதான். அதைவிடப் பெரிய கேள்வி, சூடேறிய நீரைக் காற்றில் ஆற்றும் ரேடியேட்டர் எந்த உலோகத்தால் ஆனது என்பது. பழைய வாகனத்திலிருந்து கழற்றிய செம்பு, பித்தளை ஹீட்டர் கோருடன் (வாகனத்தின் உட்புறத்தைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டருடன்) அலுமினிய பிளாக்கை ஒரே நீர்ச்சுற்றில் இணைத்தால், இரு உலோகங்களுக்கும் இடையிலான மின்வேதி வினையால் அலுமினியம் அரிக்கப்படும். ரேடியேட்டர் செம்பாயின் பிளாக்கும் செம்பாகவே இருக்கட்டும். ரேடியேட்டர் அலுமினியமாயின், அலுமினிய பிளாக் செய்வதில் தவறில்லை. அதைக் கடைவதும் எளிது.

பழைய மின்பலகைகளிலிருந்து கழற்றப்பட்ட, 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள செம்பு பஸ்பார் (மின்சாரத்தைக் கடத்தும் பட்டை) பழைய இரும்புக் கடையில் அகப்பட்டால், அதைக் கொண்டே பேசலாம். அதில் மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, கட்டையின் பக்கவாட்டிலிருந்து நீளத் துளைகள் இட்டு, அவற்றைக் குறுக்குத் துளைகளால் இணைத்து, வெளிவாய்களை அடைத்துவிடுவது. மூடியும் இல்லை, ரப்பர் வளையமும் இல்லை என்பதால் கசிவுக்கான இடங்கள் மிகக் குறைவு. துளைக்கும் இயந்திரம் ஒன்றே போதும். குறை என்னவென்றால், 8 மில்லிமீற்றர் துளைகள் நான்கை 50 மில்லிமீற்றர் நீளத்துக்கு இட்டாலும் நீர் தொடும் பரப்பு சுமார் 50 சதுர சென்றிமீற்றர்தான். அதிலும் மேற்பாதி, வெப்பம் வரும் பக்கத்திலிருந்து விலகியே இருக்கிறது. மேலும், 10 மில்லிமீற்றர் பஸ்பாரில் 8 மில்லிமீற்றர் துளை இட்டால் மேலும் கீழும் ஒவ்வொரு மில்லிமீற்றரே எஞ்சும். இவ்வழிக்கு இன்னும் தடித்த கட்டை தேவை.

இரண்டாவது, மில்லிங் இயந்திரத்தில் 2 மில்லிமீற்றர் அகல நேர்ப் பள்ளங்களை, 2 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, 6 மில்லிமீற்றர் ஆழத்துக்கு வெட்டுவது. 45 மில்லிமீற்றர் சதுரத்தில் பதினொரு பள்ளங்கள் அமைந்தால் பரப்பு 70 சதுர சென்றிமீற்றரை நெருங்கும். மூன்றில் இதுவே சிறந்த குளிர்ப்பைத் தரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தூய செம்பு பிசுபிசுப்பான உலோகம். கூர் மழுங்கிய 2 மில்லிமீற்றர் கட்டரில் ஒட்டிக்கொண்டு அதை முறித்துவிடும். புதிய கட்டர், தாராளமான கட்டிங் ஒயில், பொறுமையுள்ள கை ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும்.

நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழியை. 60 மில்லிமீற்றர் சதுரமாக அறுத்த பஸ்பாரை லேத்தின் நான்கு தாடைச் சக்கில் பிடித்து, நடுவில் 8 மில்லிமீற்றர் குழியும் அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக வட்டப் பள்ளங்களும் கடைவது. பள்ளங்கள் 6 மில்லிமீற்றர் ஆழமானால் அடித்தளத்துக்கு 4 மில்லிமீற்றர் மிஞ்சும். பரப்பு சுமார் 53 சதுர சென்றிமீற்றர். துளை பிளாக்கைவிட எண்ணிக்கையில் சிறிதளவே கூடுதல். எனினும், குளிர்ந்த நீர் முதலில் இறங்குவது செயலியின் சூடான நடுப்பகுதிக்கு நேர் மேலே என்பதால், அந்தப் பரப்பு உரிய இடத்தில் வேலை செய்கிறது. வளையங்களுக்கு இடையே நீர் கடக்கும் வாசல்களை, கடைவதற்கு முன்னரே 4 மில்லிமீற்றர் துளைகளாக மாறி மாறி எதிரெதிர்ப் பக்கங்களில் இட்டுவிட வேண்டும். மெல்லிய சுவர் கடைந்து முடிந்த பிறகு துளைக்கப் போனால் பிட் விலகிச் செல்லும், சுவரும் வளையும். கடையும் உளியின் வெளிப்பக்கத்தைப் பள்ளத்தின் வளைவுக்கு ஏற்பத் தீட்டிக்கொள்வதும் அவசியம். இதைப் பட்டறைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிராது.

இரண்டாவது, மூன்றாவது வழிகளில் பள்ளங்களை மேலிருந்து அடைக்கும் மூடிக்கு, பேர்ஸ்பெக்ஸ் எனும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கும் பித்தளையும் போட்டியிடுகின்றன. பேர்ஸ்பெக்ஸில் காற்றுக் குமிழும் பாசியும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கூம்பு மரை கொண்ட குழாய் முனையை அதில் இறுக்கினால் அது வெடித்துவிடும். கணினி நீர்க்குளிர்ப்புப் பொருத்திகள் கால் அங்குலக் குழாய்க்குரிய நேர் மரையைக் கொண்டவை, மரை வெட்டுமுன் இட வேண்டிய துளை 11.8 மில்லிமீற்றர். நேர் மரை வெட்டும் டாப் கிடைக்காவிட்டால் பித்தளை மூடியே பாதுகாப்பானது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், செயலியைத் தொடும் முகம் தட்டையாக இல்லாவிட்டால் பள்ளங்களில் பட்ட பாடெல்லாம் வீண். தடித்த கண்ணாடியின் மேல் 400, 800, 1200 என்ற தர எண்களின் வரிசையில் சாண்ட் பேப்பரை நீரில் நனைத்து வைத்து, பிளாக்கைத் திசை மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். முகத்தில் மார்க்கர் பேனையால் கோடுகள் இட்டுத் தேய்த்தால், கோடு அழியாத இடமே தாழ்ந்த இடம் என்று தெரிந்துவிடும். மூடித் திருகுகளை இறுக்கிய பிறகு மறுபடியும் இச்சோதனையைச் செய்ய வேண்டும். இறுக்கத்தால் அடித்தளம் வளையக்கூடும்.

ரேடியேட்டரையும் சேர்த்தே எண்ண வேண்டும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று குளிர்ந்திருந்தாலும், கொழும்புக் காற்றைவிட அதன் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே விசிறி, அதே வேகத்தில், அந்த அளவுக்குக் குறைந்த காற்றையே தள்ளும். தோட்டத்துப் பீலித் தண்ணீரை நேரே பிளாக்குக்குள் விட்டால் ரேடியேட்டரே தேவையில்லையே என்று சிலர் கேட்பதுண்டு. அந்த நீர் அறையின் பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகத் துளிர்க்கத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கீழ் குளிர்ந்திருந்தால், ஈரம் மிகுந்த மலைக்காற்றில் பிளாக்கின் மேல் நீர் துளிர்த்து மதர்போர்டில் வடியும். வண்டலும் 2 மில்லிமீற்றர் பள்ளங்களை அடைத்துவிடும். பட்டரிக்கு ஊற்றும் வடிநீரை மூடிய சுற்றில் பயன்படுத்தினால், அது அறை வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. நிமிடத்துக்கு ஒரு லீற்றர் ஓடினால், 100 வாட் வெப்பத்துக்கு நீரின் சூடு ஒன்றரைப் பாகைக்கும் குறைவாகவே கூடும்.